ஆராய்ச்சிக்காக நாடு விட்டுப் போன விஞ்ஞானிகள் குடும்பத்தைக் கைவிட்டவர்கள்தானா?

கேள்வியைக் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டிலிருந்தும் யாரோ ஒருவர் ஆராய்ச்சிக்கென்று வெளிநாடு போயிருக்கிறார், உறவினர் கூடிய இடத்தில் அவரைப் பற்றி இப்படியொரு பேச்சு எழுந்திருக்கிறது என்று எண்ணுகிறேன். சிறு வயதிலிருந்தே அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் அப்பா தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, அமெரிக்காவில் புரதப் படிகவியல் (புரதங்களைப் படிகமாக்கி அவற்றின் வடிவத்தைக் கண்டறியும் துறை) ஆய்வாளராக உழைத்து, அங்கேயே காலமானவர். அவர் யாரையும் கைவிடவில்லை. பெற்ற மகள் வேறெப்படிச் சொல்வாள் என்று கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதால், நடந்தவற்றையே எழுதுகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரன் உருவாக்கிய துறையில்தான் அப்பா முனைவர் பட்டத்துக்குப் படித்தார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் முச்சுருள் வடிவம் 1954இல் முன்வைக்கப்பட்டதும், இன்றுவரை உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கப் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் வெளிவந்ததும் அங்கிருந்துதான். ஆனால் ஒரு பெரிய புரதத்தின் முழு அமைப்பையும் கண்டறிவதற்கு வேண்டிய கருவிகளும் கணிப்பொறி வசதியும் அன்றைக்கு எளிதில் கிடைப்பவையாக இல்லை. 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் பழைய நாடுவாரி ஒதுக்கீட்டு முறையை ஒழித்ததால் அமெரிக்காவின் கதவு திறந்திருந்தது; எழுபதுகளின் தொடக்கத்தில், இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டின்படி கையில் எட்டு டாலருடன், அப்பா புறப்பட்டார்.

அவர் செய்த வேலையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. புரதத்தைத் தூய்மைப்படுத்தி, குளிர் அறையில் துளித் துளியாக வைத்து, படிகம் வளருமா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வளர்ந்ததில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் புகைப்படப் படலத்தில் விழும் ஆயிரக்கணக்கான புள்ளிகளின் செறிவை அளக்க வேண்டும். அப்போதும் பாதித் தகவல்தான் கிடைக்கும். மீதியைப் பெறுவதற்குப் பாதரசம், பிளாட்டினம் போன்ற கனமான அணுக்களைப் படிகத்துக்குள் ஊறச் செய்து மறுபடியும் முதலிலிருந்து அளக்க வேண்டும், அந்த ஊறலிலேயே பல படிகங்கள் விரிசல் விட்டு வீணாகிவிடும். ஒரே புரதத்துக்குப் பல ஆண்டுகள் செலவான காலம் அது. வீட்டுக்குத் தாமதமாக வந்தார், விடுமுறை நாளிலும் ஆய்வகத்துக்குப் போனார் என்பதெல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. படிகம் வளர்வதற்கு ஞாயிற்றுக்கிழமை என்று எதுவும் கிடையாது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாகப் போகவில்லை. என்னையும் தம்பியையும் கம்பளிச் சட்டை போட்டு அழைத்துச் சென்று, நுண்ணோக்கியின் முன்னால் முக்காலி போட்டு நிற்க வைத்து, எந்தத் துளியில் படிகம் வந்திருக்கிறது என்று எங்களையே தேடச் சொல்வார். இரவில் சாப்பாட்டு மேசையில் கணிப்பொறியின் துளை அட்டைகளிலிருந்து அச்சிட்ட எண்பட்டியல்கள் விரிந்து கிடக்கும். அம்மா எண்களை உரக்க வாசிப்பார், அப்பா மூலக் குறிப்பேட்டில் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். அம்மா கணிதத்தில் பட்டம் பெற்றவர். ஒரு வரிசையில் ஏதோ பொருந்தவில்லை என்று அவர் குரல் நின்றால், அப்பா மறுபேச்சின்றி அந்தப் பகுதி முழுவதையும் மீண்டும் அளப்பார்.

ஊரிலிருந்த பாட்டிக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் ஏரோகிராம் போகும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சித்தப்பா வாசித்துக் காட்டுவார். உடல்நலமும் மழையும் விசாரித்து முடித்த பிறகு அப்பா தன் வேலையைப் பற்றியும் எழுதுவார்: நூலில் கற்கண்டு கட்டுவதைப் போலத்தான் நானும் புரதத்தைக் கட்ட வைக்கிறேன், இன்னும் கட்டவில்லை என்று. அடுத்த கடிதத்தில் பாட்டி, கட்டிவிட்டதா என்று கேட்டிருப்பார்.

உறவினர்களின் பேச்சுக்கு மூலமாக இருந்தது தாத்தாவின் மரணம். தந்தி கைக்கு வந்து, பயணச்சீட்டுக்குப் பணம் புரட்டி, விமானம் மாறி அப்பா ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூத்த மகன் இருக்க இளையவர் கொள்ளி வைத்தார். காரியத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் காதுபடவே, டாலர் கண்டவனுக்குத் தகப்பன் எதற்கு என்று ஒருவர் சொன்னாராம். அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் குடியிருந்தது. சொன்னவரை இப்போது குறை கூற நான் இதை எழுதவில்லை. ஆனால் தூரத்தின் குற்றத்தை மனிதரின் குற்றமாக்குவது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இது என் அப்பாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் 1930இல் கேம்பிரிட்ஜ் புறப்பட்டபோது அவருடைய தாயார் நோயுற்றிருந்தார். போய்த்தான் ஆக வேண்டும் என்று ஊக்கியவரே அவர்தான், மறு ஆண்டு மகன் அங்கிருக்கும்போதே இறந்துபோனார். உயிர்வேதியியலாளர் ஹர் கோபிந்த் கொரானா 1949இல் இந்தியா திரும்பி வேலை கிடைக்காமல் மீண்டும் வெளியேறியவர். எங்குமே ஒட்டாமல் இருந்த தம் வாழ்க்கைக்கு 1952இல் மணந்துகொண்ட எஸ்தரே ஒரு நோக்கத்தைத் தந்தார் என்று அவருடைய நோபல் வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. மரபுக் குறியீட்டை விளக்கி 1968இல் பரிசு பெற்றவரைப் பற்றிப் பேசும்போது இந்த வரியையும் சேர்த்துப் பேசுவோர் மிகக் குறைவு. எல்லா விஞ்ஞானிகளும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை, வீட்டை மறந்தவர்களும் இருக்கக்கூடும்.

இந்தக் கேள்வியோடு நேரடித் தொடர்பில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்காவது போய்வரத் தடை இல்லை. இன்று அதே நாட்டில் ஆராய்ச்சி செய்யும் இளைஞர்கள், ஆண்டுதோறும் தரப்படும் நிரந்தர வசிப்புரிமைகளில் (கிரீன் கார்டு) எந்த நாட்டினருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதற்காக ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். ஊருக்கு வந்தால் திரும்புவதற்கு விசா முத்திரை கிடைக்குமா என்ற அச்சத்தில், பெற்றவரின் இறுதிச் சடங்கைக் கைபேசித் திரையில் பார்த்தவரை எனக்கே தெரியும். அவரையும் யாரேனும் கைவிட்டவர் என்பார்கள்.

அப்பா கண்டறிந்த அமைப்பு, 1971இல் ஏழே அமைப்புகளுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இருக்கிறது. அந்த வங்கியில் இப்போது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. உருவாக்கியவர்களுக்கு 2024இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த, புரத வடிவங்களைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டு அவற்றைக் கொண்டுதான் பயிற்றுவிக்கப்பட்டது. பதிவில் அப்பாவின் பெயர் இருக்கிறது, எண்களை வாசித்த அம்மாவின் பெயர் இல்லை. அம்மா இப்போது என்னுடன்தான் வசிக்கிறார். உங்கள் கேள்வியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சித்தப்பாவின் பொறியியல் படிப்புக்கும் அத்தையின் திருமணத்துக்கும் பணம் அனுப்பியது யார் என்று எழுதினாயா என்று மட்டும் கேட்டார். எழுதவில்லை. இரண்டுக்கும் அனுப்பியவர் அப்பா. அந்த ஆண்டுகளில் எங்களுக்குச் சொந்த வீடு இல்லை.