தற்கொலை பற்றிய ஆராய்ச்சி வேலை: கேட்டீர்கள், சொல்கிறேன்

பல்கலைக்கழக வேலை ஒன்று வந்திருக்கிறது. தற்கொலையையும் மனநலத்தையும் பற்றி ஆட்களிடம் நேரில் உட்கார்ந்து பேசி ஆராய வேண்டும். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை நம் பிள்ளைகள் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். கேட்டவர் ஊரைப் போட்டுக் கீழே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. இதைப் படிக்கும் உங்களுக்கே தற்கொலை எண்ணம் இருந்தால், மீதியை விட்டுவிட்டு 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

தொண்டி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்திருக்கிறேன். கணக்கு வராது. எனக்குச் சரிப்படுமா?

சமூகப்பணி, உளவியல், சமூகவியல் எதுவானாலும் பெரும்பாலும் ஏற்பார்கள். ஆனால் கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வராதீர்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நாலிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். அழுகையும் மௌனமும் நிறைந்த பேச்சு என்றால் இன்னும் கூடும். பிறகு அதையே வரிவரியாகத் திரும்பத் திரும்பப் படித்து, எந்த வரி எதைப் பற்றியது என்று குறியிட வேண்டும். பொறுமை இருந்தால் வாருங்கள்.

தேவிபட்டினம்: அரசே வருடாவருடம் எண்ணிக்கை வெளியிடுகிறதே. பேசி என்ன புதிதாகத் தெரியப்போகிறது?

நல்ல கேள்வி. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். காரணம் என்ற இடத்தில் 31.7 சதவீதம் 'குடும்பப் பிரச்சினை', 18.4 சதவீதம் 'நோய்'. காவல் நிலையத்தில் எழுதியதுதான் மேலே போய்ச் சேருகிறது. 'தீராத வயிற்றுவலி' என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வட்டிக் கடன் இருக்கலாம், குடி இருக்கலாம், கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு இருக்கலாம், பெரும்பாலும் எல்லாமே சேர்ந்து இருக்கும். ஒரே காரணத்தால் நடந்தது என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. எண்ணிக்கை எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். அங்கே என்ன நடந்தது என்பதை வீட்டு மனிதர்கள்தான் சொல்ல முடியும்.

நம் கரையில் எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிக்கத் தடை. ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் மட்டும் பேசிவிட்டு 'மீனவர் மனநிலை' என்று எழுதினால் அது பாதிப் படம்தான். கடல்பாசி எடுக்கும் பெண்களின் நாள் வேறு, நாட்டுப்படகுக்காரர் நாள் வேறு.

எஸ்.பி.பட்டினம்: சம்பளம் எவ்வளவு?

அறிவிப்பைப் படியுங்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறியவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. திட்டப் பணி என்றால் அது வேறு கணக்கு.

பாம்பன்: தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால், இல்லாதவனுக்கும் அந்த எண்ணம் வந்துவிடாதா?

வராது. 2001 முதல் 2013 வரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மறுஆய்வு 2014-ல் வெளியானது. கேட்பதால் அந்த எண்ணம் கூடியதாக அதில் தெரியவில்லை. நேராகக் கேட்டால் பலருக்குப் பாரம் குறைகிறது.

மீண்டும் பாம்பன்: ஆய்வை விடுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயை அழவைத்து நீங்கள் பட்டம் வாங்குவது நியாயமா?

மண்டபம்: பாம்பன்காரர் சொல்வது சரி. எங்கள் தெருவுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்ப வரவில்லை.

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. திரும்பி வராமல் போவது தவறு, அதற்குச் சமாதானமே கிடையாது. கண்டுபிடித்ததைத் தமிழில் அந்தத் தெருவிலேயே சொல்ல வேண்டும். ஆனால் அழுகை வரும் என்பதற்காகவே கேட்காமல் இருப்பதை நான் ஏற்கவில்லை. ஊரே வாயை மூடிக்கொண்ட வீட்டில், மகன் பெயரைச் சொல்லிப் பேச ஓர் ஆள் வந்ததே என்று சொன்ன தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். பாதியில் நிறுத்தச் சொன்னாலும் அப்படித்தான். ஒப்புதல் என்பது முதல் பக்கத்துக் கையெழுத்தோடு முடிவதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்தை நீங்கள் இருவருமே கேட்கவில்லை. பெயரை மாற்றினால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். 'தங்கச்சிமடம், இரண்டு பெண் பிள்ளைகள், படகு சிறைபிடிக்கப்பட்டவர்' என்று எழுதினால் ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஊர், வயது, தொழில், பிள்ளைகள் என எல்லாவற்றையும் கலைத்துத்தான் எழுத வேண்டும். ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், வழிகாட்டிக்கும்தான்.

கீழக்கரை: கேள்விப் பட்டியல் ஒன்று அனுப்ப முடியுமா?
ராமேஸ்வரம்: மாதிரிக் கேள்விகள் வேண்டும்.
திருப்புல்லாணி: பட்டியல் இருந்தால் பகிரவும்.

மூவருக்கும் ஒரே பதில், அனுப்ப மாட்டேன். கேள்வியை நீங்கள் எழுத வேண்டும், ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு அதைப் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் 'இன்றைக்கு ராத்திரி நான் இருக்க மாட்டேன்' என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? முதலில் அதை எழுதி வையுங்கள். யாரைக் கூப்பிடுவது, யார் கூட இருப்பது, எந்த மருத்துவமனை என்று தெரியாமல் ஒரு வீட்டுக்கும் போகாதீர்கள். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கும்போதே, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

முதுகுளத்தூர்: முயன்று பிழைத்தவரிடம் பேசினால் போலீஸ் கேஸ் வருமா?

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024 ஜூலை 1 முதல் இல்லை. அரசு ஊழியரை அவர் வேலையில் நிர்ப்பந்திக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் புதிய சட்டத்தில் குற்றம். பயம் மட்டும் இன்னும் போகவில்லை, அதனால் வீட்டார் மறைப்பார்கள்.

ஏர்வாடி: மனநோய் தீர வேண்டித் தர்காவில் தங்கியிருக்கும் குடும்பங்களிடம் ஆய்வு செய்யலாமா?

செய்யலாம், மிகுந்த கவனத்தோடு. 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் வெளியாளைச் சந்தேகத்தோடு பார்த்தால் குறை சொல்லாதீர்கள். தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் துஆ என்ற பிரார்த்தனையும் சேர்ந்தே கிடைக்க அரசுச் சிகிச்சை இருக்கிறது. முதலில் அங்கிருப்பவர்களிடம் பேசுங்கள். நம்பிக்கையைக் கேலி செய்கிற கேள்வி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

பெயர் வேண்டாம்: அண்ணன் கடலுக்குப் போவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. 'நான் போனால் உங்களுக்கு நிம்மதி' என்கிறார்.

தங்கச்சி, இது ஆராய்ச்சிக் கேள்வி இல்லை. இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள், 'சாகணும்னு தோணுதா அண்ணே?' என்று. திட்டாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். தனியாக விடாதீர்கள். 14416-க்கு நீங்களே கூப்பிட்டுக் கேட்கலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எது என்று கேட்டு அழைத்துப் போங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் 108. உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

திருவாடானை: பரிந்துரைக் கடிதம் தருவீர்களா?

உங்கள் வேலையைப் பார்த்ததில்லை, அதனால் தர முடியாது. பாடம் எடுத்தவரிடம் கேளுங்கள். விண்ணப்பத்தோடு வைக்கும் ஆய்வுக் குறிப்பை வேண்டுமானால் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.