கணினி கேள்வி–பதில்: 12.5-உம் 9-உம் சேர்ந்தால் 12.59?

கேள்வி: எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்காக ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு சின்னப் பக்கம் எழுதியிருக்கிறேன். காலைப் பால், சாயங்காலப் பால் இரண்டையும் கூட்டி லிட்டர் விலையால் பெருக்க வேண்டும். சில நாள் பணம் குறைகிறது, சில நாள் பல மடங்கு ஏறுகிறது, சில நாள் ‘நேன்’ என்று வந்து நிற்கிறது. கோளாறு எங்கே?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கூட்டல் குறியில். பெட்டியில் நீங்கள் தட்டுவது எண்தான்; ஆனால் அதன் ‘வேல்யூ’ எப்போதும் எழுத்துச் சரமாகவே, அதாவது எழுத்துகளின் கோவையாகவே, நிரலுக்கு வரும். இரண்டில் ஒன்று சரமாக இருந்தாலே ஜாவாஸ்கிரிப்ட்டின் கூட்டல் குறி கூட்டாது, ஒட்டும். காலை 12.5, சாயங்காலம் 9 என்றால் 21.5-க்குப் பதில் 12.59. பார்த்தால் ஒழுங்கான அளவு போலவே இருப்பதுதான் வில்லங்கம். பெருக்கல் குறிக்கு ஒட்டத் தெரியாது, சரத்தை எண்ணாக்கிப் பெருக்கிவிடும். லிட்டர் 40 ரூபாய் என்று வைத்தால் 860 வரவேண்டிய இடத்தில் 503.60, பால் ஊற்றியவருக்கு 356.40 நஷ்டம். காலை 12 என்று முழு எண்ணாக இருந்தால் 129 லிட்டர், நஷ்டம் சொசைட்டிக்கு. 12.5-உம் 9.5-உம் ஒட்டினால் 12.59.5. இரண்டு புள்ளியோடு எண் கிடையாது, அதனால்தான் ‘எண் அல்ல’ என்னும் நேன்.

பெட்டியிலிருந்து எடுக்கும் இடத்திலேயே ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றும் ‘நம்பர்’ செயற்கூறில் போட்டு எடுங்கள். ‘பார்ஸ்ஃப்ளோட்’டும் உண்டு, அது படிக்க முடிந்தவரை படித்து மீதியை விட்டுவிடும். 1,250 என்று காற்புள்ளியோடு வந்தால் சத்தமில்லாமல் 1 என்று தரும். நம்பர் நேன் தரும். பணக் கணக்குக்கு அந்தக் கறார்தான் வேண்டும். காற்புள்ளியை எடுக்க வெறும் ‘ரீப்ளேஸ்’ போட்டால் முதல் காற்புள்ளி மட்டும் போகும், நம் 1,25,000-க்கு ‘ரீப்ளேஸ்ஆல்’ போடுங்கள்.

நம்பருக்கும் ஒரு கெட்ட பழக்கம்: காலிப் பெட்டியை 0 ஆக்கிவிடும். சாயங்காலம் பால் ஊற்றாதவருக்கு அது சரி. கொழுப்பு அளவைப் போட மறந்தால் அதுவும் 0 ஆகி விலையே தப்பாகும். அங்கே முதலில் காலியா என்று பாருங்கள்.

இன்னொன்று, பைசாவை இரண்டு தசமத்தில் காட்ட ‘டுஃபிக்ஸ்டு’ போடுவீர்கள். அது தருவது மறுபடியும் சரம். அதைப் பத்து நாள் தொகையோடு கூட்டினால் பழைய குருடி கதவைத் திறவடி கதைதான். திரைக்கு அனுப்பும் வரியில் மட்டும் வையுங்கள்.

கேள்வி: உறுப்பினர் எண்ணை வரிசைப்படுத்தினால் 9-க்கு முன்னால் 100 வருகிறது. எண்ணாக மாற்றிவிடலாமா?
— வாசகி, வேலந்தாவளம்

பதில்: மாற்றினாலும் அப்படியேதான் வரும். வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ எண்களைக்கூட எழுத்தாக்கித்தான் ஒப்பிடும். தவிர, 007 எண்ணானால் 7. வங்கிக் கணக்கு எண், ஜாவாஸ்கிரிப்ட் பிசகாமல் தாங்கும் எல்லையான 9007199254740991-ஐத் தாண்டினால் கடைசி இலக்கம் மாறிப்போகவும் கூடும். இவை சரமாகவே இருக்கட்டும். சார்ட்டுக்குள் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும் ஒப்பீட்டுச் செயற்கூறு ஒன்றைக் கொடுங்கள். கழித்தல் குறி அந்த நேரத்துக்கு மட்டும் சரத்தை எண்ணாக எடுத்துக்கொள்ளும்; பட்டியலில் 007 அப்படியே நிற்கும்.