பாரோரம் வைக்கும் மீன் கூடு: எப்போது இறக்குவது, எப்போது தூக்குவது?

கேள்வி: கீழக்கரைப் பக்கம் பாரோரமாக (கடலடிப் பவளப்பாறை ஓரமாக) மீன் கூடு, அதாவது மீன் உள்ளே புகுந்து சிக்கும் பொறி, வைத்துத் தொழில் செய்கிறேன். காலை எட்டு மணி வாக்கில் இறக்கி, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வசதிபோல் தூக்குவேன். ஓராவும் கிளிமீனும்தான் கிடக்கின்றன. அதே இடத்தில் என் மச்சான் விளமீனும் களவாயும் எடுக்கிறார். கூட்டின் வாயை மாற்றட்டுமா, நேரத்தை மாற்றட்டுமா?

பதில்: முதலில் நேரத்தை மாற்றுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

ஓராவும் கிளிமீனும் பகல் மீன்கள். வெளிச்சத்தில் பாசி மேயும், பொழுது சாய்ந்ததும் கல்லிடுக்கில் ஒடுங்கிவிடும். விளமீன் வகைகளில் பலவும் இதற்கு நேர்மாறு. பகலில் பாரை ஒட்டிக் கிடந்துவிட்டு, மயங்கும் நேரத்தில் மணலுக்கும் தாழைக்கும் (கடற்புல் வெளிக்கும்) இரை தேடிப் புறப்படும். களவாய்க்கு விடியலும் அந்தியும்தான் வேட்டை நேரம். நீங்கள் எட்டு மணிக்கு வைக்கும் இரையைப் பகல் கூட்டமும் பொடிமீனும் கொத்தித் தீர்த்துவிடுகின்றன. விளமீன் கிளம்பும்போது கூட்டில் வாசனையே மிச்சமிருக்காது.

ஆகவே பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இறக்குங்கள். நசுக்கிய நண்டோ கணவாய்த் தலையோ எதுவானாலும் சின்ன வலைப்பையில் இறுக்கிக் கட்டித் தொங்கவிடுங்கள். இரவு முழுக்கத் தாங்கும். வாசனை நீவாடு (கடல் நீரோட்டம்) போகும் பக்கமாகத்தான் பரவும். மீன் அதைப் பிடித்துக்கொண்டு நீவாட்டை எதிர்த்து வரும். கூட்டின் வாய் மீன் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். வாயை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் மீன் கூட்டின் முதுகில் முட்டிவிட்டுப் போய்விடும். இடமும் பாரின் மேல் வேண்டாம், பாரும் மணலும் சேரும் விளிம்பே நல்லது. மாலையில் விளமீன் கடக்கும் வழி அது. பவளமும் நொறுங்காது.

தூக்குவது விடிந்த கையோடு. 'வசதிபோல்' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் நஷ்டத்தில் பாதி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. கூட்டுக்குள் போன மீன் நமக்குச் சொந்தம் என்று நினைப்பது தவறு. 1970களில் ஜமைக்காப் பவளப்பாறைகளில் ஜான் மன்ரோ என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தபோது, கூட்டுக்குள் இருக்கும் மீனில் சுமார் 12 சதவீதம் தினமும் வெளியேறிவிடுவது தெரிந்தது. உள்ளே மீன் சேரச் சேர வெளியே போகும் எண்ணிக்கையும் ஏறும். ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சரியாகிவிடும், அதற்குப் பிறகு எத்தனை நாள் போட்டாலும் மீன் எண்ணிக்கை ஏறாது. இதற்கிடையில் அஞ்சாலை (பாம்பு போல நீண்ட மீன்) நுழைந்தால் இருப்பதையும் தின்றுவிடும்.

இனி வாய். நேர்க்குழலாக உள்ளே நீளும் வாயில் மீன் சுலபமாக நுழையும், அதே சுலபத்தில் திரும்பியும் விடும். உள்முனையைக் கீழ்நோக்கி வளைத்தால் நுழைவது சற்றுக் குறையும், தப்புவது நன்றாகக் குறையும். மீன் உள்ளே சுவரை ஒட்டியே சுற்றும். தரையைப் பார்த்து நடுவில் தொங்கும் ஓட்டை அதன் கண்ணில் எளிதில் படாது. ஒரே இரவில் தூக்குகிறவருக்கு நேர்வாய் போதும் என்பது என் கருத்து. கடல் கொந்தளித்து நாள் தள்ளிப்போகும் பருவத்தில் வளைந்த வாய் கைகொடுக்கும். பாதிக் கூடுகளில் மட்டும் மாற்றி, அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூட்டு வலையின் கண்ணி அளவைச் சிறிதாக்க வேண்டாம். பொடிமீன் நிறையும், விலை போகாது. கரீபியத் தீவான குராசாவில் கூட்டின் மூலையில் 20 செ.மீ. உயரமும் 2.5 செ.மீ. அகலமும் உள்ள செங்குத்துப் பிளவு வைத்துப் பார்த்தார்கள். வண்ணாத்தி மீன் போன்ற தட்டை மீன்களும் குஞ்சுகளும் அதன் வழியே வெளியேறின, பிடிபட்ட மீனின் மதிப்பு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் ஓராவும் தட்டை உடம்புதான். ஓராவை நம்பியிருக்கிற நாட்களில் பிளவை இன்னும் ஒடுக்க வேண்டியிருக்கும். ஓரா வேண்டுமென்றால் விடிகாலை இறக்கி அந்திக்கு முன் தூக்குங்கள். ஓராவின் முள் விஷமுள்ளது, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கிளிமீனைக் குறிவைத்துப் பிடிக்காதீர்கள். பவளத்தை மூடும் பாசியைச் சுரண்டித் தின்பது அது. பெர்முடாவில் களவாயும் கிளிமீனும் குறைந்துபோய், 1990இல் மீன் கூட்டையே தடை செய்துவிட்டார்கள்.

குச்சியில் முடைந்த பழைய கூடு தொலைந்தால் கடலடியில் மக்கிவிடும். இரும்புச் சட்டமும் நைலான் வலையும் அப்படியல்ல, ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும். கதவை நைலானில் கட்டாமல் சணல் கயிற்றில் கட்டுங்கள். கூடு காணாமல் போனாலும் கயிறு இற்றுக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். கயிற்றை மட்டும் அடிக்கடி சோதித்து மாற்றுங்கள்.

இன்னொன்று, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பார்கள் 1986 முதல் தேசியப் பூங்கா. அந்த எல்லைக்குள் மீன் பிடிக்க அனுமதியில்லை. எல்லை எங்கே என்று வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வெளியே வையுங்கள்.