குடியரசுத் தலைவரின் கையெழுத்து: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் அருகே ஒரு கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் வகுப்பில் குடியரசுத் தலைவர் பற்றிய பாடம் நடத்தினேன். ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் அவரிடம் இருப்பதாக அரசமைப்பின் 53ஆம் பிரிவு சொல்கிறது. முப்படைகளின் தலைமையும் அவரிடம்தான். சில பக்கங்கள் தள்ளி 74ஆம் பிரிவு வருகிறது. அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் செயல்பட வேண்டும் என்கிறது. ஒரு மாணவி எழுந்து, "அப்படின்னா இந்தப் பதவி எதுக்கு மேடம்? அந்தக் கையெழுத்தைப் பிரதமரே போட்டுடலாமே" என்றாள். இன்னொரு மாணவன், "எமர்ஜென்சியில கையெழுத்துப் போட்டவரு, நம்ம ஆட்சியைக் கலைச்சப்போ போட்டவரு, எல்லாருமே ரப்பர் ஸ்டாம்ப்தான்" என்றான். பெயரளவுத் தலைவர் என்று நாம் வழக்கமாகச் சொல்வதையே சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன். எனக்கே அது நிறைவாக இல்லை. அவருக்கு உண்மையில் அதிகாரம் உண்டா? இல்லையென்றால் மக்களே அவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்து அதிகாரத்தைக் கொடுத்துவிடுவது நல்லதா?

அன்புடன்,
ஒரு பேராசிரியை

அன்புள்ள பேராசிரியைக்கு,

உங்கள் மாணவன் இரண்டு கையெழுத்துகளைச் சொல்லியிருக்கிறான். அவனுடைய கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று சொல்லிவிட்டால் கையெழுத்திட்டவரை நாம் விடுவித்துவிடுகிறோம். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1975 ஜூன் 25 இரவை எடுத்துக்கொள்வோம். இந்திரா காந்தி மேற்கு வங்க முதல்வர் சித்தார்த்த சங்கர் ரேயுடன் சென்று குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவைச் சந்திக்கிறார். பிறகு நெருக்கடி நிலைப் பிரகடனத்துக்கான கடிதம் போகிறது. அமைச்சரவையைக் கூட்ட இன்றிரவு நேரமில்லை, அலுவல் விதிகளில் பிரதமருக்கு உள்ள விலக்கைப் பயன்படுத்துகிறேன் என்று அதில் இருந்தது. நள்ளிரவுக்குள் கையெழுத்து விழுந்தது. அமைச்சரவை கூடியது மறுநாள் காலை 6 மணிக்கு. நாடே மாறிப்போனதை அமைச்சர்கள் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள்.

குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அதற்கு முந்தைய ஆண்டுதான் உச்ச நீதிமன்றம் ஷம்ஷேர் சிங் வழக்கில் உறுதி செய்திருந்தது. சரி, கட்டுப்பட்டவர். ஆனால் அந்த இரவில் அமைச்சரவையின் ஆலோசனை எங்கே இருந்தது? ஒரு பிரதமரின் கடிதம்தான் இருந்தது. "அமைச்சரவையைக் கூட்டுங்கள், முடிவோடு வாருங்கள், காத்திருக்கிறேன்" என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. சொல்லியிருந்தால் நெருக்கடி நிலை வராமல் போயிருக்கும் என்று நான் வாதிடவில்லை. ஆறேழு மணி நேரம் கிடைத்திருக்கும், ஓர் அமைச்சராவது வாயைத் திறக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அதைக்கூடக் கேட்காமல் கையெழுத்திட்டது அவர் எடுத்த முடிவு.

அதன் பிறகு நடந்ததை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1976இல் வந்த 42ஆம் திருத்தம், ஆலோசனைப்படி அவர் நடந்தே ஆக வேண்டும் என்று 74ஆம் பிரிவில் வெளிப்படையாக எழுதியது. அதுவரை, உதவவும் ஆலோசனை சொல்லவும் ஓர் அமைச்சரவை இருக்கும் என்று மட்டுமே இருந்தது. ஜனதா ஆட்சியில் 1978இல் வந்த 44ஆம் திருத்தம் அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை. ஆனால் கூடவே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தது. ஆலோசனையை மறுபரிசீலனை செய்யுமாறு குடியரசுத் தலைவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் அதுவே வந்தால் ஏற்க வேண்டும். அதே திருத்தம் 352ஆம் பிரிவையும் மாற்றியது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் கைக்கு வராமல் இனி நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாது. ஜூன் 25 இரவில் எந்தக் கேள்வி கேட்கப்படவில்லையோ, அதை அரசமைப்பே கேட்க ஏற்பாடு செய்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டது. நான்கும் சமமானவை அல்ல. 1988இல் ஜானகி அம்மையாரின் ஆட்சி, சட்டமன்றத்துக்குள்ளேயே அடிதடி நடந்து பெரும்பான்மை கேள்விக்குறியான நிலையில் கலைக்கப்பட்டது. என்னை இன்றும் உறுத்துவது 1991 ஜனவரி 30தான்.

கலைஞரின் அரசுக்கு அன்று சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தது. டெல்லியில் இருந்ததோ காங்கிரஸ் தயவில் நின்ற சந்திரசேகரின் சிறுபான்மை அரசு. விடுதலைப் புலிகளின் நடமாட்டம், சட்டம் ஒழுங்கு என்று காரணம் காட்டி ஆட்சியைக் கலைக்க முடிவு செய்தார்கள். ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அதற்கு அறிக்கை தர மறுத்துவிட்டார். ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ வேறு வகையிலோ என்று 356ஆம் பிரிவு சொல்வதால், அந்த 'வேறு வகை'யைப் பிடித்துக்கொண்டு பிரகடனத்தைத் தயாரித்தார்கள். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் போகாமல் பதவி விலகினார்.

கையெழுத்திட்டவர் ஆர். வெங்கட்ராமன். பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்தவர். காமராஜர் அமைச்சரவையில் தொழில் துறையைக் கவனித்து, கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் எழக் காரணமாக இருந்தவர். அந்தப் பங்களிப்பின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. சட்டம் அறிந்தவர் என்பதிலும் ஐயமில்லை. குடியரசுத் தலைவர் பதவியை அவசர விளக்கோடு ஒப்பிட்டவரும் அவரே: மின்சாரம் போனால் தானாக எரியும், வந்ததும் அணைந்துவிடும். அந்த ஒப்பீட்டையே கையில் எடுத்துக் கேட்கிறேன். தான் நியமித்த ஆளுநரே காரணமில்லை என்று கை விரித்த நிலையில், சிறுபான்மை அரசொன்று பெரும்பான்மை அரசைக் கலைக்கச் சொன்ன நாளில் எரியாத விளக்கு வேறு எப்போது எரியும்? திருப்பி அனுப்பும் உரிமை அப்போது அரசமைப்பில் சேர்ந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், கலைப்பு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்று தெளிவாக்கிய, கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்குத் தீர்ப்பு 1994இல்தான் வந்தது. சாய்ந்துகொள்ள அவருக்கு அந்தச் சுவர் இல்லை. திருப்பி அனுப்பியிருந்தாலும் சந்திரசேகர் அரசு அதையே மறுபடி அனுப்பியிருக்கலாம், அவரும் கையெழுத்திட்டே ஆக வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதை ஆறு ஆண்டுகள் கழித்து குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் காட்டினார். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச சட்டமன்றத்தில் ரகளைக்கு நடுவே பாஜகவின் கல்யாண் சிங் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றார். ஆளுநர் ரொமேஷ் பண்டாரி ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரைத்தார். பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவை ஏற்று அனுப்பியது. நாராயணன் திருப்பி அனுப்பினார். குஜ்ரால் அரசு அதை மறுபடி அனுப்பவில்லை, கல்யாண் சிங் முதல்வராகத் தொடர்ந்தார். மறு ஆண்டு செப்டம்பரில் வாஜ்பாய் அரசு பீகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்கச் சொன்னது. அதையும் நாராயணன் திருப்பி அனுப்பினார். முதல் முறை பாஜக ஆட்சி பிழைத்தது, இரண்டாம் முறை பாஜக அரசின் முடிவு தடைபட்டது. அவர் கட்சி பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1999 பிப்ரவரியில் தலித் மக்கள் படுகொலை செய்யப்பட்ட பிறகு பீகார் பரிந்துரை மீண்டும் வந்தது. அப்போது கையெழுத்திட்டார். மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாத வாஜ்பாய் அரசு அந்தப் பிரகடனத்தை மார்ச்சிலேயே விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. 'ஏன்' என்று கேட்கவும், பதில் வரும்வரை காத்திருக்க வைக்கவும் அதிகாரம் உண்டு. பெரும்பான்மை இருக்கும் அரசு துணிந்து நின்றால் அந்தக் கேள்வி அதைத் தடுக்காது. தயங்கிக்கொண்டே தவறு செய்யும் அரசைத் தடுக்கும். நம் வரலாற்றில் பெரும்பாலான தவறுகள் இரவோடு இரவாக நடந்தவை என்பதை நினைத்தால் இது சிறிய அதிகாரமாகத் தெரியாது.

2005 மே மாதத்திலும் ஓர் இரவு வந்தது. பீகார் சட்டமன்றத்தைக் கலைக்க மன்மோகன் சிங் அமைச்சரவை இரவில் முடிவெடுக்க, மாஸ்கோவில் இருந்த அப்துல் கலாமுக்குத் தொலைநகலில் தாள்கள் போயின. அவர் ஒப்புதல் அளித்தார். உச்ச நீதிமன்றம் அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பதவி விலக நினைத்ததாகக் கலாமே பின்னாளில் எழுதினார். மறு ஆண்டு, ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவை அவர் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். அதே மசோதா மாற்றமின்றி மீண்டும் வந்ததும் கையெழுத்திட்டார். ஒரே மனிதரிடம் இரண்டையும் பார்க்கிறோம்.

மசோதாக்களில் இன்னொரு வழியும் உண்டு. 111ஆம் பிரிவு ஒப்புதலுக்குக் காலக்கெடு வைக்கவில்லை. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்குப் பெரும் அதிகாரம் கொடுத்த 1986ஆம் ஆண்டு அஞ்சல் திருத்த மசோதாவை அன்றைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் இடாமல், திருப்பியும் அனுப்பாமல் வைத்துக்கொண்டே ஓய்வு பெற்றார். அது சட்டமாகவே ஆகவில்லை. நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் காலத்தைக் கையில் வைத்திருப்பது எப்போதும் நன்மையில் முடிவதில்லை. ராஜீவ் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற மூவரின் கருணை மனுக்கள் 2000இல் போய் 2011இல் நிராகரிக்கப்பட்டன. தூக்கு எப்போது என்று தெரியாமல் பதினொரு ஆண்டுகள் ஒரு மனிதனைச் சிறையில் வைப்பது கொடுமை. அந்தத் தாமதத்துக்காகவே 2014இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. ஆளுநர்கள் மசோதாக்களை நிறுத்திவைக்கும் விவகாரம் இதன் கிளைதான். அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.

யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நாட்களை இதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். அப்போது அவர் உண்மையாகவே முடிவெடுக்கிறார். 1979 ஜூலையில் சரண் சிங்கைப் பிரதமராக்கியவர் குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி. மக்களவையை ஒருநாள்கூடச் சந்திக்காமல் ஆகஸ்டில் விலகிய சரண் சிங், அவையைக் கலைக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஜனதா கட்சியின் ஜெகஜீவன் ராம் எனக்கு ஆதரவு இருக்கிறது என்று வந்து நின்றார். ரெட்டி அவரை அழைக்கவில்லை, அவையைக் கலைத்தார். ஒரு தலித் தலைவர் பிரதமராகும் வாய்ப்பு அந்தக் கையெழுத்தில் போயிற்று. அவையின் நம்பிக்கையை ஒருமுறையும் பெறாத பிரதமரின் ஆலோசனை ரெட்டியை எப்படிக் கட்டுப்படுத்தும்? அது பெரும் தவறு என்பதே என் கருத்து. இதற்கு மாறாக 1998இல் நாராயணன், ஆதரவுக் கடிதங்களைக் கையில் வாங்காமல் வாஜ்பாயை அழைக்கவில்லை. அதிமுகவின் கடிதம் வரத் தாமதமானது, டெல்லியே சென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறு ஆண்டு அதே அதிமுக ஆதரவை விலக்கியபோது, அவையில் நம்பிக்கை கோருங்கள் என்றார். ஒரே ஒரு வாக்கில் அரசு வீழ்ந்தது.

நேரடித் தேர்தல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம். அரசமைப்பு அவையிலேயே இது பேசப்பட்டது. எல்லா மக்களும் வாக்களித்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவருக்கு அதிகாரம் கொடுக்காமல் இருப்பது முரணாகும் என்றார் நேரு. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாடு இருக்கிறது. இலங்கையில் 1978 முதல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி. 2018 அக்டோபரில் மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணிலை ஒரே நாளில் நீக்கி மகிந்த ராஜபக்சவை அமர்த்தினார். நாடாளுமன்றத்தையும் கலைத்தார். அந்தக் கலைப்பு செல்லாது என்று டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை அங்கே அரசு எது என்றே தெரியாத நிலை.

நம் முறையிலும் மாநிலங்களுக்குப் பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு எம்எல்ஏவின் வாக்குக்கும் 176 என்று மதிப்பு வைத்துத்தான் அவரைத் தேர்ந்தெடுக்கிறோம். பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் நம் சட்டமன்றத்துக்கு இந்தப் பங்கு கிடையாது. ஒரு மாநில ஆட்சியைக் கலைக்கும் கோப்பு மேசைக்கு வரும்போது அவர் நினைக்க வேண்டியது இதை.

இன்னொன்றும் உண்டு. இந்து சட்டத் தொகுப்பு மசோதாவில் சொந்த முடிவுப்படி நடக்க விரும்பி 1951இல் ராஜேந்திர பிரசாத் நேருவுக்கு எழுதினார். நேரு, அரசின் தலைமை வழக்கறிஞர் செதல்வாத்திடமும் நம் சென்னையின் சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரிடமும் கருத்துக் கேட்டார். அமைச்சரவைக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று இருவரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. பெண்களுக்குச் சொத்துரிமை தரும் சட்டத்தை ஒரு தனிமனிதரின் மனச்சாட்சி நிறுத்தக் கூடாது. கேள்வி கேட்கும் உரிமையை நான் வலியுறுத்துவதால், மறுக்கும் உரிமையைக் கேட்கிறேன் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த வகுப்பில் 74ஆம் பிரிவை முழுதாக, 1978இல் சேர்ந்த அந்த வாக்கியத்தோடு, அந்த மாணவியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 1991 ஜனவரி 30ஆம் தேதிக் கோப்பு தங்கள் மேசையில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அமைச்சரவைக்குத் திருப்பி அனுப்பும் குறிப்பை ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் எழுதட்டும். கையெழுத்திடுவதே சரி என்று நினைப்பவர்கள் அதற்கான காரணத்தை எழுதட்டும். முடிந்தால் சிலவற்றை எனக்கும் அனுப்புங்கள். வாசித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்