காசு கொடுத்து வாங்கிய மின்னூல் காணாமல் போனால்?

கேள்வி: முழு விலை கொடுத்து வாங்கிய மின்னூல் ஒன்று திடீரென என் கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. கேட்டால், பதிப்பகத்தோடு இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். இது திருட்டு இல்லையா? மீதி நூல்களை நகலெடுக்க விடாமல் தடுக்கும் டிஜிட்டல் பூட்டை உடைத்து நகல் எடுத்து வைத்துக்கொண்டால் தப்பா?

பதில்: உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் சட்டம் இதைத் திருட்டு என்று சொல்லாது. படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று டிக் செய்கிறோமே, அந்த நீள நிபந்தனைகளில், உங்களுக்குக் கிடைப்பது படிப்பதற்கான உரிமம் மட்டுமே, அதை அவர்கள் திரும்பப் பெறலாம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

இது புதிதும் இல்லை. 2009-இல் அமேசான், ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவியிலிருந்தே அழித்தது, அவற்றை அந்தக் கடையில் போட்டு விற்றவரிடம் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்ப வந்தது, ஆனால் ஒரு மாணவர் எடுத்து வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போய் வழக்கு வரை போனது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது முழுப் பணத்தையும் கொடுத்து, நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலரும் கொடுத்தது. ஆகவே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், அது ஒன்றும் அதிகப்படியான கோரிக்கை இல்லை. ரசீதையும், 'வாங்கு' பட்டன் தெரியும் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள், போனில் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள். நேராக வங்கிக்குப் போய்க் கார்டு பணத்தைத் திரும்ப எடுக்கும் வழியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சில கடைகள் அதற்காக மொத்தக் கணக்கையே முடக்கிவிடும், மீதி நூல்களும் போய்விடும்.

பட்டனில் 'வாங்கு' என்று போட்டுவிட்டு வாடகைக்குக் கொடுப்பது ஏமாற்று என்றே நான் நினைக்கிறேன். 2025 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில், திரும்பப் பறிக்கக்கூடிய டிஜிட்டல் பொருளை அப்படி விற்றால் இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இது எல்லா இடத்திலும் வர வேண்டும்.

அப்புறம் பூட்டு விஷயம். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, சொந்த நகலுக்காக உடைப்பதும் சட்டமீறல்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைத்தான் தண்டிக்கிறது. எனவே முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். சட்டத்தை விட்டுவிட்டு மனசாட்சியை மட்டும் கேட்டால், காசு கொடுத்த நூலை நீங்களே படிக்க ஒரு நகல் வைத்துக்கொள்வதில் எழுதியவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை, அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதே கோப்பை நண்பர்கள் குழுவில் போட்டால் அடி வாங்குவது கடைக்காரர் இல்லை, எழுத்தாளர். அதைச் செய்யாதீர்கள்.

இனி வாங்கும்போது பூட்டில்லாத கோப்பாகத் தரும் கடை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், வாங்கிய அன்றே இறக்கி வேறொரு டிரைவிலும் போட்டு வையுங்கள். அடிக்கோடிட்ட வரிகளையும் குறிப்புகளையும் அவ்வப்போது தனியாக எடுத்து வையுங்கள், பணம் திரும்ப வந்தாலும் அவை வராது.