கடன் வாங்கி டாக்டர் சீட்டு வேண்டாம், பாப்பா பிசியோதெரபி படிக்கட்டும்

நாமக்கல் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றேகால் பக்கம் உங்கள் மச்சான் சொன்னது. மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சீட்டு ‘ஏற்பாடு’ செய்து தருகிறாராம். எல்லாம் சேர்த்து 1 கோடியே 10 லட்சம். வீட்டை அடமானம் வைத்து 60 லட்சம் கடன், மீதிக்குக் காட்டை விற்பது. பாப்பா மட்டும் பிசியோதெரபிதான் படிப்பேன் என்கிறாள், வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று முடித்திருக்கிறீர்கள்.

‘கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும்’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் கணக்கைப் பார்த்தபிறகு அப்படி எழுத மனம் வரவில்லை. 60 லட்சத்துக்கு 10 சதவீதம் வட்டி போட்டால் ஆண்டுக்கு 6 லட்சம். மாதம் 50,000 ரூபாய், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். படிப்பு முடித்துத் தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராகச் சேரும் பெண்ணின் சம்பளத்தில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். அப்புறம் ‘வெறும் எம்பிபிஎஸ் வைத்து என்ன செய்வது, எம்டி படிக்க வை’ என்று இதே மச்சான்தான் வந்து நிற்பார். கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறாரா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளைப் பற்றி உங்கள் கடிதத்தில் இருப்பது ஐந்தாறு வரிதான். போன வருடம் அப்பத்தா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தபோது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வந்த பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத் தினமும் செய்ய வைத்தது அவள்தான். அப்பத்தா நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எத்தனை தடவை எழுந்தார் என்று காலண்டர் தாளில் தேதிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறாள். ‘இந்த வேலையெல்லாம் நன்றாகச் செய்வாள், ஆனால் படிப்பில்தான்...’ என்று நீங்கள் இழுத்திருக்கிறீர்கள். அவள் செய்ததை ஒரு வேலையாகவே செய்து, உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இன்று உங்களுக்குச் சொல்ல வந்தது அவர்களைப் பற்றித்தான். நர்சிங், பயோடெக், இன்ஜினீயரிங் பற்றி ஊரில் ஆயிரம் பேர் சொல்வார்கள், எனக்கு அதில் வேலையில்லை.

வயதாக ஆகத் தசை கரையும், கூடவே வலுவும் குறையும். இது ஓர் அளவைத் தாண்டிப்போனால் மருத்துவத்தில் சார்கோபீனியா என்பார்கள். ‘வயசானா அப்படித்தான்’ என்று நாம் விட்டுவிடுவோம். அமெரிக்காவில் 2016-ல் இதற்குத் தனி நோய்க் குறியீடே கொடுத்துவிட்டார்கள். வேகமாகச் சுருங்கி விரியும் தசை இழைகள்தான் முதலில் மெலியும். தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் நரம்புகள் சில செத்துப்போகும். சாப்பிட்ட புரதத்தைத் தசையாக மாற்றும் திறனும் மந்தமாகும். இதற்கு மேல் படுக்கையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியமாக இருந்த முதியவர்கள் சிலரைப் 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. 2007-ல் வெளிவந்த ஆய்வு அது. உங்கள் அம்மா எத்தனை வாரம் படுத்திருந்தார் என்று எண்ணிப் பாருங்கள், பாப்பா எதை மீட்டுக் கொடுத்தாள் என்று புரியும்.

இந்தத் துறையையே புரட்டிப்போட்ட ஒரு சோதனை பாஸ்டனில் நடந்தது. மரியா ஃபியாடரோனும் அவருடைய குழுவினரும் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை இருந்த 10 பேரை எடைப் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். அந்த வயதில் எடை தூக்க வைப்பதா என்று கேட்கத் தோன்றும். எட்டு வாரத்தில் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோலை விட்டுவிட்டு நடந்தார்கள். 1990-ல் இது வெளியானது. நான்கு ஆண்டு கழித்து 100 பேரை வைத்து மறுபடி செய்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு வலு 113 சதவீதம் கூடியது, செய்யாதவர்களுக்கு வெறும் 3 சதவீதம். பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. டப்பா டப்பாவாகப் புரத மாவு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மருந்து கண்டுபிடிக்கவும் பலர் முயன்றார்கள். சில மருந்துகளில் தசையின் அளவு கூடியது, ஆனால் நடையில் அதற்கேற்ற முன்னேற்றம் வரவில்லை. இங்கிலாந்தில் மைல்ஸ் விதம் என்ற ஆய்வாளரின் தலைமையில், பெரின்டோபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரையையும் லியூசின் என்ற அமினோ அமிலத்தையும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. இரண்டும் உதவவில்லை. இன்றுவரை இந்த நோய்க்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்த மருந்து ஒன்றுகூட இல்லை. உறுதியாகக் கைகொடுப்பது பயிற்சி மட்டும்தான். மாத்திரை எழுதிக் கொடுத்துத் தீராத நோய், பயிற்சி கொடுப்பவர் மையமாக இருக்கும் ஒரு துறை. இதை மச்சானிடம் சொல்லுங்கள்.

தலைமையில் இருப்பவர்கள் யார் என்று கேட்பீர்கள். மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மறைக்க மாட்டேன். இந்த நோய்க்கான ஐரோப்பிய வரையறையை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மாட்ரிட்டின் அல்போன்சோ குரூஸ்-ஹென்டாஃப்ட், முதியோர் மருத்துவர். நியூகாசிலில் இருக்கும் அவான் சேயரும் அப்படித்தான். சேயரின் ஆரம்பகால வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல் பிரசவம் பார்த்த தாதிகள் பிறந்த குழந்தையின் எடையைக் குறித்தார்கள், வீட்டுக்கு வந்து பார்த்த சுகாதாரப் பணியாளர்கள் ஒரு வயதில் அதன் எடையைக் குறித்தார்கள், எல்லாம் பேரேட்டில் ஏறியது. பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் பேரேடுகளை எடுத்து, அதில் இருந்த குழந்தைகள் கிழவன் கிழவியாக எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பிடித்துக் கைப்பிடி வலுவை அளந்தார்கள். பிறக்கும்போது எடை குறைவாக இருந்தவர்களுக்கு முதுமையிலும் பிடி வலு குறைவு! யாரோ ஒரு தாதி ஒழுங்காகக் குறித்து வைத்த நோட்டு இல்லையென்றால் இது தெரிந்திருக்காது. காலண்டர் தாளில் குறிக்கிற பெண்ணைப் பற்றி நீங்கள் அலட்சியமாக எழுதியதால்தான் இத்தனை விரிவாகச் சொல்கிறேன்.

மருத்துவர் அல்லாதவர்களும் முன்வரிசையில் இருக்கிறார்கள். புரதமும் பயிற்சியும் முதிய தசையில் என்ன செய்கின்றன என்று பேச்சு வந்தால் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஸ்டூவர்ட் பிலிப்ஸ், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டைச் சேர்ந்த லுக் வான் லூன் ஆகிய இருவர் பெயரும் கட்டாயம் வரும். இருவருமே உடற்பயிற்சி உடலியல் வழி வந்தவர்கள், எம்பிபிஎஸ் போன்ற பட்டம் வாங்கியவர்கள் அல்ல.

வேலை எப்படி இருக்கும் என்று தெரியாமல் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முதியவரை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கையைச் செங்கோணமாக மடக்கச் சொல்லி, கையில் பிடி வலுவை அளக்கும் டைனமோமீட்டர் கருவியைக் கொடுத்து ‘நல்லா அழுத்துங்க, இன்னும், இன்னும்’ என்று குரல் கொடுக்க வேண்டும். ஆசிய நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவுப்படி ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் வலு குறைவு. பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பார்க்க வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டிய ஆள். ஆறு மீட்டர் நடக்க விடுவதும் உண்டு. கேட்க எளிது. காது மந்தமான தாத்தாவிடம் பத்தாவது முறையும் அதே பொறுமையோடு சொல்லி, அவர் சாயும்போது பிடித்து, எண்ணைத் திருத்தாமல் எழுத வேண்டும். இந்தக் குணம் எல்லாருக்கும் வராது. உங்கள் மகளுக்கு வந்திருக்கிறது.

இங்கே இதற்கு இடமிருக்கிறதா? 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031-ல் 18 சதவீதத்தைத் தாண்டும் என்கிறார்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராஜன் முதியோர் பிரிவைத் தொடங்கிவிட்டார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. வேலூர் சிஎம்சியில் முதியோர் மருத்துவத்துக்குத் தனித் துறை உண்டு. 2017-18-ல் நாடு முழுக்க 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானவர்களிடம் எடுத்த லாசி என்ற ஆய்வில் கைப்பிடி வலுவும் அளக்கப்பட்டிருக்கிறது. மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில் விண்ணப்பித்தால் அந்தத் தரவை ஆராய்ச்சி மாணவர்கள் வாங்கிக்கொள்ளலாம். முதுநிலைப் படிப்பிலேயே நம் ஊர்க் கிழவிகளின் கணக்கை வைத்து ஒரு கட்டுரை எழுத முடியும்.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபி பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு தனியார் கிளினிக்கில் சேர்ந்தால் ஆரம்பத்தில் 15,000, 20,000 என்றுதான் பேசுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமா கூடாதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. முதுநிலை, முனைவர் பட்டம் என்று போனால் முப்பது வயது நெருங்கிவிடும். இந்தச் செலவையும் காலத்தையும் தாங்க உங்களுக்குக் கடன் இல்லாமல் இருக்க வேண்டும், அதனால்தான் காட்டை விற்காதீர்கள் என்கிறேன். முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு போனாலும் கடன் வாங்கிப் போகக் கூடாது. நெதர்லாந்து போன்ற நாடுகளில் முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். சம்பளமோ உதவித்தொகையோ இல்லாத இடம் கிடைத்தால் மறுத்துவிட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது செய்ய வேண்டியது. மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கான மாநிலக் கலந்தாய்வில் பாப்பாவே தன் கையால் விண்ணப்பிக்கட்டும். சென்னை, திருச்சி அரசுக் கல்லூரிகளில் இடம் குறைவு, கட்டணமும் குறைவு, முதல் விருப்பம் அவைதான். இந்தப் படிப்புகளுக்கென்று தேசிய ஆணையம் வந்தபிறகு பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறி வருகின்றன, பழைய மாணவர் சொல்வதை நம்பாமல் இந்த ஆண்டுக் கையேட்டைப் படியுங்கள். தனியார் கல்லூரி என்றால் நேரில் போய், முதியோர் வார்டில் எத்தனை வாரம் பயிற்சி, அங்கே டைனமோமீட்டர் இருக்கிறதா, ஆசிரியர்கள் கடைசியாக வெளியிட்ட கட்டுரை எது என்று பாப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது மொத்தக் கட்டணத்தை எழுத்தில்.

கடைசியாக, மச்சானின் ஆளிடம் கொடுத்த 2 லட்சம் முன்பணம். நிகர்நிலைப் பல்கலைக்கழக எம்பிபிஎஸ் இடங்கள் எல்லாமே மத்தியக் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன, வெளியாள் யாரும் ‘ஏற்பாடு’ செய்ய அதில் இடமே இல்லை. ரசீது இருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ‘கொடுத்த பணம் வீணாகிவிடுமே’ என்று மச்சான் சொன்னால் அதற்காக மிச்சப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.