கடைசியில் அடங்கும் காது

அன்புள்ள ஐயா,

வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன். சென்ற மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு. கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றிரவே இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். பேச்சு வந்ததும் அப்பா சொன்னார்: “மேலே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் மலையாளத்தில் ‘போயி’ என்றாள். போகவில்லை அம்மா என்று சொல்லப் பார்த்தேன், நாக்கு எழவில்லை.” மூளை நின்ற பிறகும் உணர்வு தொடர்கிறது என்று 2014ஆம் ஆண்டு ஆய்வு நிரூபித்துவிட்டது என்கிறார் மாமா. டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. நெஞ்சு எலும்பு வலிக்கிறது என்று அவர் முனகினால் பயப்படாதீர்கள். அப்படி அழுத்தியதால்தான் பிழைத்தார். டாக்டர் சிரித்திருக்க வேண்டாம்.

மாமா சொல்லும் ஆய்வு மருத்துவர் சாம் பார்னியா குழுவினருடையது. இதயம் நின்ற 2060 பேரைக் கணக்கில் எடுத்தார்கள். பிழைத்துப் பேசும் நிலைக்கு வந்து பேட்டி கொடுத்தவர்கள் 140 பேர். அவர்களில் ஒரே ஒருவர், 57 வயதுக்காரர், தன்னைச் சுற்றி நடந்ததைச் சரிபார்க்கும் அளவுக்கு விவரமாகச் சொன்னார். மின்னதிர்ச்சிக் கருவி பேசும் பதிவுக்குரலும் அவர் நினைவில் இருந்தது. மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி, உயரே தட்டு மாட்டிப் படங்கள் வைத்திருந்தார்கள். அவர் கிடந்த இடத்தில் தட்டே இல்லை. ஒரு மனிதரின் சில நிமிட நினைவு அது. நிரூபணம் என்ற சொல்லை அதன் தலையில் ஏற்றினால் தாங்காது.

இதயம் நின்று பத்து, இருபது விநாடிகளில் மூளையின் மின்னலைகள் தட்டையாகிவிடும் என்பது சரிதான். ஆனால் கிணற்று மோட்டாரை நிறுத்திய கணமே தென்னை வாடிவிடுகிறதா? மூளை ஓய்வது வேறு, அழிவது வேறு. போதாததற்கு உங்கள் அப்பாவின் நெஞ்சை யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொஞ்சம் ரத்தம் மேலேறும். அதே குழு 2023இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், அப்படி அழுத்திக்கொண்டிருக்கும்போதே சிலருடைய மூளையில் விழிப்பு நிலைக்கு நெருக்கமான அலைகள் தென்பட்டன. ஒரு மணி நேரம் வரைக்கும்கூட. ஆகவே “மூளை நின்ற பிறகு” என்ற தொடக்கமே ஆட்டம் காண்கிறது.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொன்று. நோயாளியின் தலைக்கு மேல் திரையில் படம் காட்டினார்கள், காதில் பழங்களின் பெயர்களை ஒலிக்கவிட்டார்கள். பிழைத்தவர்களில் 28 பேரிடம் பேச முடிந்தது. படத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பழங்களின் பெயரை ஒருவர் சொன்னார்.

இப்போது அப்பா சொன்னதைத் திரும்பப் படியுங்கள். “பார்த்தேன்” என்கிறார், ஆனால் நீங்கள் எழுதியவரை அவர் கையில் இருப்பது ஒரு சொல். அது காது வழியாக வந்த சொல். கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் பாத்திரச் சத்தத்தை வைத்து அடுக்களையில் யார் என்ன செய்கிறார்கள் என்று நாம் காண்பதில்லையா? அவர் கேட்டார் என்று நம்புகிறேன். மேலே மிதந்தார் என்று நம்பவில்லை. இதயத்தையும் மூளையையும் ஒருசேர இழந்து, எதுவுமே திரும்பக் கிடைக்காதவர் வந்து சாட்சி சொன்னதில்லை. சொன்ன அத்தனை பேரும் மூளையைத் திரும்பப் பெற்றவர்கள், அந்த மூளையால்தான் நினைவுகூர்கிறார்கள்.

அதற்காக அப்பாவைப் பொய்யர் ஆக்கிவிடாதீர்கள். கொழிஞ்சாம்பாறையில் என் பாட்டி ஒரு கதை சொல்வாள். தெற்குத் தெருக்காரர் ஒருவரைக் கிங்கரர்கள் இழுத்துப் போனார்களாம். ஏட்டைப் புரட்டிய கணக்கன், “இவனில்லை, அதே பேருள்ள இன்னொருவன்” என்று திட்டித் திருப்பி அனுப்பினானாம். பாட்டியின் கைச்சரக்கு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய உளவியலாளர் சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனும் வட இந்தியாவிலிருந்து திரட்டி 1986இல் வெளியிட்ட 16 பேரின் அனுபவங்களிலும் இதே எமதூதர்கள், இதே ஏடு, இதே ஆள்மாறாட்டம்! மேல்நாட்டுக்காரர்களுக்குச் சுரங்கமும் ஒளியும், நமக்கு மறுமையிலும் தாலுகா ஆபீஸ். அனுபவம் நிஜம்தான். அதற்கு உடுப்பு மட்டும் அவரவர் ஊரில் தைத்தது.

என் பெரியம்மா போனது தோப்பு வீட்டில். இரண்டு நாளாக நினைவில்லை. வாயில் விட்ட பால் கடைவாயில் வழிந்தது, கால் விரல்கள் சில்லிட்டிருந்தன. கட்டிலுக்கு அந்தப் பக்கம் மூத்தவனும் இளையவனும் மோட்டார் கிணறு யாருக்கு என்று தணிந்த குரலில் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக் கிழவி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். “காது கடைசியில்தானடா அடங்கும். வெளியே போய்ப் பேசுங்கள்” என்றாள். இருவரும் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிப் போனார்கள். சாகும் தறுவாயில், கூப்பிட்டால் அசையாத சிலருடைய மூளையும் ஒலிக்கு எதிர்வினை காட்டியதாக 2020இல் கனடாவில் ஓர் ஆய்வு வந்தது. பொருள் புரிந்து கேட்டார்களா என்பதை அது சொல்லவில்லை. கிழவிக்கு அந்த ஐயமே இருக்கவில்லை.

மாமாவும் நீங்களும் விளக்கம் கொடுத்துக் கலைத்துவிடும் முன்பு, அப்பாவுக்கு நினைவிருப்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது அந்த நர்ஸைத் தேடிப் பிடியுங்கள். ‘போயி’ என்று அவர் சொன்னது அழுத்தத் தொடங்கும் முன்பா, நடுவிலா, நாடித்துடிப்பு திரும்பிய பிறகு வேறு யாரைப் பற்றியாவதா என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.